நாகூர் கரை சேர்ந்துட்டாங்க

என் வயதுக்காரர்களுக்கு ட்ரங்க் கால் நினைவிருக்கும். எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்போம். கிடைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு குரல்தான். பாதி கேட்கும், மீதியை நாமாக நிரப்பிக்கொள்வோம். அப்படி ஒரே ஒரு வாக்கியம் ஒரு மழைக்காலத்தில் எங்கள் குப்பத்துக்கு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. தெரிந்த பிறகும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது திருவொற்றியூரில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிறதே, அங்கேதான் எங்கள் அடுப்பு இருந்தது.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயர் நாகூரான். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லையாம். நாகூர் தர்காவில் போய் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் நாகூரு. அவருக்குப் பின்னால் பிறந்த என் அத்தைக்கு வேளாங்கண்ணி என்று பெயர். அது இன்னொரு வேண்டுதல். எங்கள் வீட்டில் கும்பிட்டது என்னவோ கங்கையம்மனை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். தர்காவில் கந்தூரி வரும்போது வீட்டு மூங்கிலில் ஒரு பச்சைத் துணி ஏறும். இதிலெல்லாம் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை, எனக்குத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்லயும் நோன்புதானே, நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார். நான் சந்தோஷமாக வீட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். நாகூர் என்று ஒரு ஊர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை உலகத்தில் நாகூரு என்றால் என் நைனா மட்டும்தான். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேளாங்கண்ணி என்று ஒரு ஊர் இருக்கிறது என்று அத்தை சொன்னதும், அண்ணன் தங்கச்சி என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். யார் பெயரை யாருக்கு வைத்தார்கள் என்று அத்தையிடம் கேட்டதற்கு, "கம்னு கெட" என்றாள்.

அம்மா அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டாள். புருஷன் பெயராயிற்றே. ரேஷன் கடையில் கேட்டால் என் தோளை இடிப்பாள், நான் சொல்வேன். ஊரைச் சொல்ல வேண்டி வந்தால் "அந்த தர்கா ஊரு" என்பாள்.

நைனா காசிமேட்டில் ஒரு சின்ன லாஞ்சில் வேலை செய்தார். அதன் டிரைவர் எங்களுக்கு அடுத்த வீடு. ரத்த சொந்தம் இல்லை, ஆனால் நான் அவரைச் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும்தான் கூப்பிட்டேன். சித்திக்கு அது முதல் பிள்ளை, வயிறு அப்போதுதான் மேலே தெரிய ஆரம்பித்திருந்தது. மாங்காயும் சாம்பலும் கேட்டுத் தின்பாள். சித்தப்பாவுக்கு நைனா இல்லாமல் லாஞ்சை எடுக்கப் பிடிக்காது. "மாமு ஏறுனாத்தான் வண்டிய எடுப்பேன். ஆண்டவரு பேரு வச்சுகினு கீறாரு, வண்டி முழுகாது" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். காசிமேட்டில் வேறு சிலரும் அதை நிஜமாகவே நம்பினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நைனாவுக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

ஐப்பசி முடியும் நேரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடலில் போட்ட வலையை எடுக்காமல் விட்டிருந்தார்கள், காற்று வரும் என்றதும் லாஞ்சு ஓனர் வலையை எடுத்து வரச் சொன்னார். வலையை எடுக்க ரெண்டு பேர் போதும் என்று நைனாவும் சித்தப்பாவும் மட்டும் போனார்கள். அம்மா தூக்குச்சட்டியில் சோறும் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பும் கட்டிக் கொடுத்தாள். மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். மதியம் காற்றுதான் வந்தது. கூரை ஓலையைப் பிய்த்து எறிந்தது. எண்ணூர் பக்கம் வானம் கரித்துணி மாதிரி இருந்தது.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மற்ற லாஞ்சுக்காரர்கள் தேடிப் போய்த் திரும்பினார்கள். நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, எங்கே கொண்டுபோய் விட்டதோ என்றார்கள். சித்தி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவும் அவளும் ஒரே பாயில் படுத்தார்கள். அம்மா அவளுக்குக் கஞ்சி ஊட்டினால்தான் அவள் வாயைத் திறப்பாள்.

அப்போதுதான் ஐஸ் கம்பெனிக்குப் போன் வந்தது.

ஐஸ் கம்பெனி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உமியும் அம்மோனியாவும் கலந்த அந்த வாசனை, தரையில் எப்போதும் ஓடும் குளிர்ந்த தண்ணீர். அங்கே கணக்குப் பிள்ளையின் மேசையில் ஒரு கறுப்புப் போன், டயலில் ஒரு குட்டிப் பூட்டு. கணக்குப் பிள்ளை கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், ரொம்ப மரியாதையானவர். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் வா போ என்றுதான் பேசுவோம். அவர் மீன் கூடைக்காரிகளைக்கூட "வாங்க, போங்க" என்பார். அன்றைக்கு அவரே மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீடு வரைக்கும் வந்தார்.

"நாகூர் கரை சேந்துட்டாங்க. வீட்ல சொல்லிருங்கன்னாங்க. அத்தோட லைன் கட்டாயிருச்சுங்க" என்றார்.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. யாரோ கங்கையம்மனுக்குக் கற்பூரம் ஏற்றப் போனார்கள். சித்தி மட்டும் கணக்குப் பிள்ளையின் முன்னால் போய் நின்றாள்.

"நாகூருன்னா? அந்த ஊர்லயா? இல்ல எங்க மாமா பேரச் சொன்னாங்களா?"

கணக்குப் பிள்ளை யோசித்தார். "நாகூர் கரை சேந்துட்டாங்கன்னுதானுங்க சொன்னாங்க."

"ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

"அது தெரியலீங்க."

"சேந்துட்டாங்கன்னு சொன்னாங்களா, சேந்துட்டாருன்னு சொன்னாங்களா? நல்லா நெனச்சு சொல்லு சார்."

அவர் முகத்து மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "'ங்க' போட்ட மாதிரிதானுங்க கேட்டுச்சு. நான் எப்பவும் 'ங்க' போட்டே பேசிப் பழகிட்டனுங்க. அவங்க போட்டாங்களா, நானாப் போட்டுக்கிட்டனான்னு இப்ப சொல்ல முடியலீங்க."

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் நாகூர் என்ற ஊரில் கரை சேர்ந்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். நாகூர் என்ற ஆள், என் நைனா, கரை சேர்ந்துவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் அதே வார்த்தைதான். குப்பம் ரெண்டாகப் பிரிந்து பேசியது. ஊரென்றால் 'நாகூர்ல' என்றுதானே சொல்லியிருப்பான் என்றார் ஒருவர். போனில் அந்த 'ல' கேட்டிருக்காது என்றார் இன்னொருவர். ஆள் பெயரென்றால் நாகூரான் என்று முழுசாகச் சொல்லமாட்டானா என்று ஒரு கிழவர் கேட்டார். லாஞ்சு ஓனர் வந்து, "வண்டி இன்னாச்சாம்? வண்டியப் பத்தி எதுனா சொன்னானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். கணக்குப் பிள்ளை அன்று முழுக்க நாகப்பட்டினம் பக்கம் கால் போட்டுப் பார்த்தார். புயலில் கம்பம் சாய்ந்துவிட்டது, லைன் கிடைக்கவில்லை.

சித்தி தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் அம்மா தலையில் யாரோ பூ வைத்துவிட்டிருந்தார்கள். அது அவள் கண்ணில் பட்டிருக்கும். கஞ்சி எடுத்துப்போன அம்மாவுக்குக் கதவு திறக்கவில்லை. அம்மா வெளியே மழையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு, கதவில் வாயை வைத்து உரக்கச் சொன்னாள்:

"அடியேய், நாகூர்ல கீறாங்கடி. ரெண்டு பேரும் நாகூர்ல கீறாங்க. நான் சொல்றேன், கதவத் தொற."

அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்திக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், ஊரென்று நிச்சயமாகத் தெரியாமல் சொல்லியிருப்பாளா? கதவு திறந்தது. சித்தி கஞ்சி குடித்தாள்.

அம்மாவுக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரி பட்டினி கிடக்கிறாளே என்று சொன்னது அது. இதை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அம்மா சொன்னாள், அதனால் அது உண்மை. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அம்மா, அத்தை, சித்தி, நான் நாலு பேரும் பாரிமுனையில் பஸ் ஏறினோம். கண்டக்டர் கேட்டதும் அம்மா வழக்கம்போல் என்னை இடித்தாள். "நாகூரு" என்றேன்.

"நாகூரா, வேளாங்கண்ணியா? வேளாங்கண்ணி போற கூட்டமாட்டம் கீது."

"நான்தான் வேளாங்கண்ணி. நாங்க போறது நாகூரு" என்றாள் அத்தை.

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்தப் பயணம் முழுக்க சித்தி சிரித்துக்கொண்டே வந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சித்தப்பாவைப் பார்த்ததும் என்னென்ன திட்டப்போகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு ஒரு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தாள், நீலக் கட்டம் போட்டது. வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் நினைத்தேன்.

சாயந்திரம் இறங்கினோம். மினார்கள் தூரத்திலேயே தெரிந்தன. தெருவெல்லாம் சாம்பிராணி வாசனை, ஈர மண், அல்வாக் கடைகள். இவ்வளவு பெரிய இடத்துக்கு என் நைனாவின் பெயரா என்று எனக்குத் தலை சுற்றியது. தர்கா வாசலில் வேண்டுதலுக்குப் போடும் தகட்டுப் பொம்மை விற்றார்கள். கண் வலிக்குக் கண், வீட்டுக்கு வீடு, கடலுக்குப் போனவனுக்குப் படகு. சித்தி ஒரு படகுத் தகடு வாங்கினாள்.

அம்மா, "மொதல்ல ஆளப் பாக்கலாண்டி" என்றாள்.

"ஊருக்கு வந்துட்டு ஆண்டவருக்கு சொல்லாம போறதா? ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன் கா."

உள்ளே போய்த் தகட்டைப் போட்டு, முந்தானையை விரித்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். உள்ளே மயிலிறகால் தடவி ஆசீர்வதித்த மினுமினுப்பு நெற்றியில் இருந்தது. அம்மா அவளைத் தடுத்திருக்கலாம். அத்தையாவது தடுத்திருக்கலாம். ரெண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மீன்காரத் தெருவை விசாரித்துப் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, "அந்த மெட்ராஸ் ஆளுதானே, வாங்க" என்றார்.

ஆளு என்றார், ஆளுங்க என்று சொல்லவில்லை. அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. வலித்ததால்தான் அது எனக்கு நினைவிருக்கிறது. அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கூரை வீட்டுக்குள் நைனா படுத்திருந்தார். வெயிலில் தோல் உரிந்து, உதடு வெடித்து, வேறு யாரோ மாதிரி இருந்தார். பச்சைப் போர்வை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அப்புறம் எனக்குப் பின்னால் சித்தி நிற்பதைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

சித்தி நீலச் சட்டையைப் பையிலிருந்து எடுத்திருந்தாள்.

"அவரு எங்க மாமா?"

நைனா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். குரல் காற்றாக வந்தது.

"வலை போயி அடியில இஞ்சின் காத்தாடில சுத்திகிச்சு யம்மா. இஞ்சின் நின்னுபோச்சு. எறங்கி அறுத்தாத்தான் வண்டி நவுரும். நான் எறங்கறேன்னு சட்டைய அவுத்தேன். அவன் உடல. 'நீ மேல இரு மாமு, நீ மேல கீற வரைக்கும் வண்டி முழுகாது'ன்னு சொல்ட்டு, கத்திய புடுங்கிகினு எறங்கிட்டான். இடுப்புல கவுறு கட்டித்தான் எறங்குனான். கவுறு என் கையிலதான் இருந்துச்சு. ஒரு அலை வந்து வண்டிய தூக்கிப் போட்டுச்சு. அப்பால இஸ்துப் பாத்தேன், கவுறு மட்டும் லேசா வந்துச்சு."

அடுப்பில் அந்த வீட்டுக்காரம்மா வைத்திருந்த கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை.

"வண்டி முழுகலியா?" என்று சித்தி கேட்டாள்.

"இல்ல. இந்தாண்ட வந்துதான் ஒதுங்குச்சு."

"அப்ப அவரு சொன்னது சரிதான்" என்றாள்.

அழவில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பின்பு என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கோபம் என்று சொல்ல முடியாது. வழி கேட்டவள், தப்பான வழி சொன்னவளைப் பார்க்கிற பார்வை. அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தாள்.

திரும்பும்போது அத்தை, "என் பேரு ஊருக்கு இன்னொரு நாளு போய்க்கலாம்" என்றாள். பக்கத்தில்தான் இருந்தது. சாகும்வரை அவள் வேளாங்கண்ணியைப் பார்க்கவில்லை.

குப்பத்தில் நைனாவைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பேரு காப்பாத்திடுச்சு, ஆண்டவரு தன் ஊருக்கே இட்டுகினு போயிட்டாரு. மெல்லிய ஓலைச் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உடல் கிடைக்காததால் அந்த நீலச் சட்டையை வைத்துத்தான் காரியம் செய்தார்கள். நைனா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். யாராவது பெயரைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

மாசியில் சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற நாளில் அம்மா தயங்கித் தயங்கித்தான் போனாள். எல்லோரும் சித்தப்பாவின் அப்பா பெயரை எதிர்பார்த்திருந்தார்கள். சித்தி குழந்தையின் காதில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நாகூரான்."

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரிய மனசு என்றார்கள் சில பேர். பழி வாங்குகிறாள் என்றார்கள் சில பேர். எனக்கு மூன்றாவதாக ஒரு கவலை. பள்ளிக்கூடத்தில் யாராவது நாகூரு என்றால் இனி யாரைச் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பையன் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது தொடங்கியது. பொழுது சாயும்போது சித்தி வாசலில் நின்று கூப்பிடுவாள்: "டேய் நாகூரு, எங்கடா போயிட்ட? வூட்டுக்கு வாடா." தெரு முழுக்கக் கேட்கும். நைனா வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும் நேரம் அது. சொம்பைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். பெரியவர் பெயரை வைத்த பிள்ளையை எங்கள் பக்கத்தில் டா போட்டுக் கூப்பிட மாட்டார்கள், செல்லப் பெயர் ஒன்று வைத்துக்கொள்வார்கள். சித்தி அப்படி எதுவும் வைக்கவில்லை. அம்மா அந்தப் பையனைத் தம்பி என்பாள். அவன் எங்கள் வீட்டில்தான் பாதி நேரம் சாப்பிட்டான், நைனாவின் மடியில்தான் தூங்கினான். நைனா அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி எர்ணாவூருக்குப் போனேன். என் மகளுக்கு அப்போது நாலைந்து வயதிருக்கும், ஒரு நாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கேட்க முடியாததை, நானும் ஒரு பிள்ளைக்கு அம்மா என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏன் சித்தி அந்தப் பேர வச்ச? எங்க நைனா மேல கோவத்துலயா?"

சித்தி மீனைத் திருப்பிப் போட்டாள்.

"கோவம் இல்லாம இருக்குமா? இருந்துச்சு. உங்கம்மா மேல அத விட ஜாஸ்தியா இருந்துச்சு" என்றாள். பின்பு, "ரெண்டு பேரு போனாங்க. ஒரு பேருதான் திரும்பி வந்துச்சு. நான் வேற எந்தப் பேர வப்பேன்?"

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா? வெறும் பயமா? எனக்குப் பிடிபடவில்லை. அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி வழக்கம்போல் குரல் கொடுத்தாள்.

"நாகூரு, சோறு ஆறுது பாரு."

பையன் வந்தான். மீசை அரும்பிய பையன், கையில் கிரிக்கெட் மட்டை. அவனுக்குப் பின்னால், தலை நரைத்த என் நைனாவும் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. சித்தி அவரைப் பார்த்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் இன்னொரு தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அவரை உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.